திருக்கடையூர் படங்களின் மணிக்கணக்கு

2017 ஜூன் 11, ஞாயிற்றுக்கிழமை. திருக்கடையூரில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். ஸ்டுடியோக்காரர் ஒருவர், சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா, எங்கள் வீட்டுச் சின்ன கேமரா, அது போக ஏழெட்டு செல்போன்கள் என்று ஆளுக்கொரு பக்கம் எடுத்துத் தள்ளினார்கள். எல்லாவற்றையும் வாங்கி ஒரே ஃபோல்டரில் போட்டு வைத்தேன். 3,140 படங்கள், 18 ஜிபி. அதோடு மறந்துவிட்டேன்.

போன வருஷம் அம்மா கேட்டாள் என்று பென்டிரைவில் ஏற்றி டிவியில் ஓட்டினேன். அப்பா பட்டுவேட்டியில் தாலி கட்டுகிறார். அடுத்த படத்தில் கலசத் தண்ணீர் ஊற்றி இரண்டு பேரும் ஈரத்துணியோடு நிற்கிறார்கள். அதற்கடுத்து சாப்பாட்டுப் பந்தி, திரும்பவும் யானைக்குப் பழம் கொடுக்கும் கஜபூஜை. "என்னடா, முன்னே பின்னே ஓடுது?" என்றாள் அம்மா. நடந்த நாளின் போக்கே படங்களில் இல்லை. அதைத் திரும்பக் கொண்டுவர நான் செய்தவை, அதில் செய்த தப்பு, கடைசியில் கைக்கு வந்தவை எல்லாம் இங்கே.

ஒரு விஷயம் முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

படத்துக்குள் என்ன இருக்கிறது

ஒவ்வொரு ஜேபெக் படத்துக்குள்ளும் படத்தோடு சேர்த்து ஒரு குறிப்புச் சீட்டும் இருக்கிறது. எப்போது எடுத்தது, எந்த கேமரா, என்ன லென்ஸ், சில சமயம் எந்த இடம் என்பதெல்லாம் அதில் இருக்கும். இந்தச் சீட்டுக்கு எக்ஸிஃப் என்று பெயர். 1995-இல் ஜப்பானிய மின்னணுத் தொழில் அமைப்பு வகுத்தது. இதைப் படிக்கவும் திருத்தவும் நான் எடுத்துக்கொண்டது எக்ஸிஃப்டூல். கனடாவைச் சேர்ந்த ஃபில் ஹார்வி பெர்ல் என்ற நிரல் மொழியில் எழுதி, 2003-இலிருந்து இலவசமாகக் கொடுத்துவரும் கருவி. ஜன்னல், பட்டன் எதுவும் கிடையாது, கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் வேலை நடக்கும். மூவாயிரம் படத்தைக் கையால் ஒவ்வொன்றாகத் திறந்து தேதி மாற்றுவது நடக்கிற காரியம் இல்லை.

திருத்துவதற்கு முன் படிக்க வேண்டும். தாலி கட்டும் நொடியை எல்லோருமே எடுத்திருந்தார்கள். யார்தான் அதை விடுவார்கள்? ஒவ்வொரு கேமராவிலிருந்தும் அந்த ஒரு படத்தைப் பொறுக்கி, நான்கையும் வரிசையாகக் கொடுத்து, -ஏ -ஜி1 -எஸ் -டைம்:ஆல் என்று தட்டினேன். ஒரே பெயரில் இரண்டு குறிப்பு இருந்தால் இரண்டையும் காட்டு, எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்று சொல், குறிப்பின் உண்மைப் பெயரைக் காட்டு, நேரம் தொடர்பானவை மட்டும் போதும் என்பது அதன் பொருள்.

வந்த விடையைத் தாளில் எழுதி வைத்தேன். அப்பாவின் கை அம்மாவின் கழுத்தருகே இருக்கும் அதே நொடி, என் செல்போனில் 2017:06:11 07:18:10. சித்தப்பா கேமராவில் 09:48:12. ஸ்டுடியோக்காரர் கேமராவில் 07:17:30. எங்கள் வீட்டுக் கேமராவில் 2012:01:01 02:47:35.

இதைப் பார்த்ததும் பாதிக் குழப்பம் தீர்ந்தது. சித்தப்பா தன் கேமராவின் கடிகாரத்தைச் சிங்கப்பூர் நேரத்திலேயே விட்டிருக்கிறார். அது நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே போகும். செல்போன் டவரைப் பார்த்துத் தானாகத் திருத்திக்கொள்ளும், கேமராவுக்கு அந்த வசதி இல்லை. எக்ஸிஃப் நேரக் குறிப்பில் 'இது எந்த நாட்டு நேரம்' என்று சொல்லவே வெகுகாலம் இடமில்லை. 2016-இல் வந்த 2.31 பதிப்பில்தான் அதற்கென்று தனிக் கட்டம் கொடுத்தார்கள். எங்கள் படங்கள் எதிலும் அந்தக் கட்டம் நிரப்பப்படவில்லை. வீட்டுக் கேமரா பல மாதம் பீரோவில் கிடந்தது. அன்று விடிகாலை பேட்டரி போட்டதும் தேதி கேட்டிருக்கும், யாரோ அவசரத்தில் ஓகே அழுத்திவிட்டார்கள். அது 2012 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து எண்ணத் தொடங்கிவிட்டது.

செல்போன் நேரத்தையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். ஸ்டுடியோ கேமரா 40 விநாடி பிந்தியிருந்தது. அதைத் தொட வேண்டாம் என்று முடிவு செய்தேன்; வரிசை கெடாத அளவுக்கு அது சரியாகவே இருந்தது.

இன்னொன்றும் அந்தப் பட்டியலில் தெரிந்தது. ஒரு படத்துக்குத் தேதி ஒன்று அல்ல. டேட்டைம்ஒரிஜினல் என்பது ஷட்டர் திறந்த நேரம். கிரியேட்டேட் என்பது அது டிஜிட்டல் ஆன நேரம். கேமரா படத்தில் இரண்டும் ஒன்றுதான், ஸ்கேன் செய்த படத்தில் வெவ்வேறு. மாடிஃபைடேட் கடைசியாகத் திருத்திய நேரம். இவை மூன்றும் படத்துக்குள் இருப்பவை. ஃபைல்மாடிஃபைடேட் படத்துக்குள் இல்லை; அது கணினி தன் வட்டில் வைத்திருக்கும் குறிப்பு. ஒரு பென்டிரைவிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும்போதுகூட மாறிவிடக்கூடும். எங்கள் டிவி வரிசைப்படுத்தியது இந்தக் கடைசித் தேதியை வைத்து.

நான் செய்த தப்பு

சித்தப்பா படங்களைத்தான் முதலில் எடுத்தேன். இரண்டரை மணி நேரம் கழிக்க வேண்டும், அவ்வளவுதானே? -ஆல்டேட்ஸ்-=2:30 என்று கொடுத்தால் உள்ளே இருக்கும் மூன்று தேதியும் ஒன்றாக நகரும். சித்தப்பா படங்களை மட்டும் பிரிக்க, கேமரா மாடல் பெயர் இன்னதாக இருந்தால் மட்டும் செய் என்று -இஃப் போட்டு ஒரு நிபந்தனை சேர்த்தேன். ஓட்டினேன். இத்தனை படம் மாற்றப்பட்டது என்று கடைசியில் ஒரு வரி வந்தது. எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக இருந்தது, ஆனால் அப்போது அது என் கண்ணில் படவில்லை.

டிவியில் ஓட்டிப் பார்த்தால், ஸ்டுடியோக்காரர் படங்களில் தாலி கட்டும் நேரம் காலை நாலே முக்கால்! சித்தப்பா கேமராவும் ஸ்டுடியோ கேமராவும் ஒரே மாடல். இரண்டையும் சேர்த்துப் பின்னால் தள்ளிவிட்டேன். பதற்றத்தில், அதே வரியைக் கூட்டல் குறியோடு ஓட்டிச் சரிசெய்யப் போய், கூட்டலுக்குப் பதில் பழைய வரியையே மேல் அம்புக்குறியில் எடுத்து இன்னொரு தடவை ஓட்டிவிட்டேன். இப்போது எல்லாமே ஐந்து மணி நேரம் பின்னால்.

நேரத்தை நகர்த்தும் கட்டளையில் இருக்கிற ஆபத்து இதுதான். 'இந்த நேரம் என்று வை' என்றால் பத்து தடவை ஓட்டினாலும் அதே நேரம்தான் இருக்கும். 'இவ்வளவு நகர்த்து' என்றால் ஓட்டும் ஒவ்வொரு தடவையும் நகரும்.

என்னைக் காப்பாற்றியது எக்ஸிஃப்டூலின் ஒரு பழக்கம். எந்தப் படத்தைத் திருத்தினாலும் திருத்தாத மூலத்தை, பெயரின் கடைசியில் _ஒரிஜினல் என்று சேர்த்துப் பக்கத்திலேயே வைத்துவிடும். இரண்டாவது தடவை திருத்தும்போது ஏற்கெனவே அப்படி ஒரு பிரதி இருந்தால் அதன்மேல் எழுதாது. ஆகவே நான் இரண்டு தடவை கெடுத்தும் முதல் பிரதி அப்படியே இருந்தது. -ரிஸ்டோர்_ஒரிஜினல் என்று ஒரு வரி, எல்லாம் பழையபடி வந்துவிட்டன. இந்தப் பிரதிகள் இடத்தை அடைக்கின்றன என்று பலர் முதல் நாளே -ஓவர்ரைட்_ஒரிஜினல் போட்டுவிடுவார்கள். இடம் அடைத்தால் அடைக்கட்டும். வேலை முடிந்து, டிவியில் ஒரு தடவை முழுக்கப் பார்த்த பிறகு அழித்துக்கொள்ளலாம்.

அப்புறம் மாடல் பெயரை விட்டுவிட்டு, கேமராவின் சீரியல்நம்பர் குறிப்பை வைத்துப் பிரித்தேன். அது இரண்டு கேமராவுக்கும் வேறு வேறு. அதோடு, ஓட்டுவதற்கு முன் அதே -இஃப் நிபந்தனையில் கோப்புப் பெயரை மட்டும் காட்டச் சொல்லி எண்ணிப் பார்த்துக்கொண்டேன். 412 படங்கள். சித்தப்பாவைக் கேட்டேன், "நானூறு சொச்சம் இருக்கும்டா" என்றார்.

ஆண்டும் மாதமும் நம்பக்கூடாத அளவுகள்

வீட்டுக் கேமரா கணக்கு சுலபம் என்று நினைத்தேன். 2012:01:01 02:47:35 என்பது 2017:06:11 07:18:10 ஆக வேண்டும். 5 வருஷம், 5 மாதம், 10 நாள், 4 மணி 30 நிமிடம் 35 விநாடி கூட்டினால் போதும். எக்ஸிஃப்டூலும் 5:5:10 4:30:35 என்று கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறது. திருக்கடையூர் படங்கள் நூல் பிடித்த மாதிரி சரியாக வந்தன.

ஆனால் அந்தக் கேமராவின் தேதியை யாரும் அதன் பிறகும் திருத்தவில்லை. அதே அட்டையில் பெரியப்பா பேத்தியின் முதல் பிறந்தநாள் படங்களும் இருந்தன. பிறந்தநாள் ஆகஸ்ட் 10, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த தேதி. திருத்திய படங்களோ ஆகஸ்ட் 11 என்று காட்டின. கேமரா கணக்கில் அந்தப் படங்கள் 2012 மார்ச் 1. அதற்கு 5 வருஷம் 5 மாதம் கூட்டினால் 2017 ஆகஸ்ட் 1, பத்து நாள் கூட்டினால் 11. ஆனால் உண்மையில் கேமரா எண்ணியது மாதத்தை அல்ல, நாளை. ஜனவரி 1-இலிருந்து மார்ச் 1 வரை, அந்த லீப் வருஷத்தில், 60 நாள். ஜூன் 11-இலிருந்து 60 நாள் எண்ணினால் ஆகஸ்ட் 10.

மாதத்துக்கு மாதம் நாள் எண்ணிக்கை மாறுவதால் வந்த வினை இது. ஆகவே நாளாகவே கணக்குப் போட்டேன். 2012 ஜனவரி 1-இலிருந்து 2017 ஜூன் 11 வரை 1,988 நாள். மூலத்தைத் திரும்பக் கொண்டுவந்து 0:0:1988 4:30:35 என்று கொடுத்ததும் இரண்டு விழாவும் அதது அதன் நாளில் உட்கார்ந்தன. இடைவெளி பெரிதாக இருந்தால் எப்போதும் நாளில் கொடுங்கள்.

செல்போன் வீடியோக்கள் இன்னொரு தலைவலி. தாலி கட்டும் வீடியோவை என் போனில்தான் எடுத்திருந்தேன், ஆனால் உள்ளே நேரம் 01:48 என்று இருந்தது. ஐந்தரை மணி நேரம் குறைவு. எம்பி4 வகைக் கோப்பில் நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுத வேண்டும் என்பது விதி. செல்போன்கள் அதை மதிக்கின்றன, பல கேமராக்கள் உள்ளூர் நேரத்தையே எழுதிவிடுகின்றன. போன் வீடியோக்களுக்கு மட்டும் -ஏபிஐ குவிக்டைம்யுடிசி என்று சேர்த்தால் நம் நேரத்துக்கு மாற்றிக் காட்டும்.

வாட்ஸ்அப்பில் வந்த படங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே இருந்த சீட்டு கிழிக்கப்பட்டுத்தான் அவை வருகின்றன. பெயரில் ஒரு தேதி இருக்கும், அது படம் எடுத்த நாள் அல்ல, போனில் வந்து சேர்ந்த நாள். கோப்புப் பெயரிலிருந்து தேதி எடுக்கும் வசதி எக்ஸிஃப்டூலில் இருக்கிறது, ஆனால் அது எண்களை வரிசையாக ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும். பெயரின் கடைசியில் உள்ள 0012 என்ற வரிசை எண் நள்ளிரவு 12 நிமிடம் ஆகிவிடும். நான் அவற்றுக்கு நேரம் எழுதவில்லை, தனி ஃபோல்டரில் வைத்தேன். மூலம் இன்னும் போனில் இருக்கும் உறவினர்களிடம் 'டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்' என்று கேட்டு வாங்கியதில் எழுபது படம் வரை தேறியது.

திருநெல்வேலி கொள்ளாத கட்டம்

விழாவில் வைப்பதற்காக ட்ரங்குப் பெட்டியிலிருந்த பழைய படங்கள் 64-ஐ ஸ்கேன் செய்திருந்தோம். அவற்றில் யார் யார் என்று இப்போதே எழுதி வைக்காவிட்டால் இன்னும் பத்து வருஷத்தில் சொல்ல ஆள் இருக்காது. அம்மாவையும் அத்தையையும் உட்கார வைத்துக் கேட்டேன்.

"இது கீழ ரதவீதியில தாத்தா கடை தொறந்த அன்னிக்கு எடுத்ததுல்லா" என்றாள் அத்தை. "ஓரத்துல தூணைப் பிடிச்சிட்டு நிக்கது நான்தாம்." அம்மா படத்தைத் திருப்பினாள். பின்னால் நீல மையில் 'சித்திரை 74' என்று தாத்தா கையெழுத்து.

முதல் படத்துக்கு விளக்கத்தைத் தமிழில் எழுதி, ஊரையும் சேர்த்து ஓட்டினேன். சில எழுத்துகளை லத்தீன் குறிமுறையில் எழுத முடியவில்லை என்று ஓர் எச்சரிக்கை வந்தது. திறந்து பார்த்தால் 'திருநெல்வேலி' இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். காரணம் இதுதான். ஊர்ப்பெயரை வெறுமனே சிட்டி என்று கொடுத்தால் எக்ஸிஃப்டூல் அதை ஐபிடிசி என்ற பழைய பகுதியில் எழுதுகிறது. செய்தி நிறுவனங்கள் தந்தி வழியே செய்தி அனுப்பிய காலத்தின் மரபில் வந்த வடிவம் அது. கோடட்கேரக்டர்செட் என்ற குறிப்பில் யுடிஎஃப்8 (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோடின் ஒரு குறிமுறை) என்று சொல்லாவிட்டால் லத்தீன் எழுத்து என்றே எடுத்துக்கொள்ளும்.

சரி, அதைச் சொல்லிவிட்டு மறுபடி ஓட்டினேன். இந்தத் தடவை நீளம் மிஞ்சிவிட்டது, வெட்டப்பட்டது என்று எச்சரிக்கை. ஐபிடிசியில் ஊர்ப்பெயருக்கு 32 பைட் மட்டும்தான். ஆங்கிலத்தில் ஒரு எழுத்து ஒரு பைட், 32 எழுத்து தாராளம். யுடிஎஃப்-8 முறையில் தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். அதிலும் 'தி' என்பது ஒரு குறியீடு அல்ல. த ஒன்று, கொக்கி ஒன்று. திருநெல்வேலியை எண்ணிப் பாருங்கள்: 12 குறியீடு, 36 பைட். 'திருநெல்வே' வரைதான் கட்டத்துக்குள் நிற்கும். படம் எடுத்தவர் பெயருக்கும் இதே 32 பைட், குறிச்சொல் ஒன்றுக்கு 64. எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்காத கட்டத்தில் எங்கள் படத்தின் கதையை எழுத எனக்கு மனம் வரவில்லை. 'நெல்லை' என்று சுருக்கினால் 18 பைட்டில் அடங்கும், ஆனால் ஊர்ப்பெயரை முழுசாக எழுதவே ஆசை.

இதற்கு நல்ல வழி, படத்துக்குள்ளேயே குறிப்பு எழுத இருக்கும் இன்னொரு பகுதியான எக்ஸ்எம்பி. அந்தப் பகுதி முழுக்க யூனிகோடில் இருக்கிறது, இப்படிப்பட்ட நீள வரம்பு இல்லை. குறிப்பின் பெயருக்கு முன்னால் எக்ஸ்எம்பி: என்று சேர்த்தால் போதும், திருநெல்வேலி முழுதாக உட்காரும். படத்தில் இருப்பவர்களின் பெயருக்கென்றே பெர்சன்இன்இமேஜ் என்று தனி இடமும் அதில் இருக்கிறது. இடமிருந்து வலமாக ஆள் ஆளாக எழுதலாம்.

கறுப்புத் திரையில் தமிழைத் தட்டுவதே பெரிய பாடாக இருந்தது. விண்டோஸில் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. உள்ளே சரியாக இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. ஆகவே எல்லாவற்றையும் ஒரு விரிதாளில் எழுதினேன். முதல் பத்தியின் தலைப்பு சோர்ஸ்ஃபைல், அதன் கீழே கோப்புப் பெயர்கள்; அடுத்த பத்திகளில் விளக்கம், பெயர்கள், ஊர். யுடிஎஃப்-8 சிஎஸ்வி கோப்பாகச் சேமித்து -சிஎஸ்வி=என்று அந்தக் கோப்பைக் கொடுத்ததும் 64 படத்துக்கும் ஒரே மூச்சில் எழுதிவிட்டது. ஒரு கட்டத்தில் பல பெயர் இருந்தால், எந்தக் குறியால் பிரித்திருக்கிறோம் என்று -செப் கொண்டு சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் ஐந்து பேரும் ஒரே நீளப் பெயர் கொண்ட ஒரே ஆளாகிவிடுவார்கள். எழுதியதை ஒரு உரைக்கோப்பில் கொட்டச் சொல்லித் திறந்து பார்த்தால் தமிழ் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

தேதிதான் யோசிக்க வைத்தது. சித்திரை 74 என்றால் ஏப்ரல் நடுவிலிருந்து மே நடு வரை, எந்த நாளும் இருக்கலாம். எக்ஸிஃப் தேதிக் கட்டத்தில் நாளையும் மணியையும் சேர்த்துத்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது. பலர் 1974 ஜனவரி 1 என்று போட்டுவிடுவார்கள். நாற்பது வருஷம் கழித்து யாராவது படித்தால் தைக்கு முன்னமே கடை திறந்ததாக நம்பிவிடுவார்கள். எக்ஸ்எம்பியின் டேட்கிரியேட்டட் குறிப்பில் வெறும் ஆண்டை மட்டும் எழுத முடியும். அதில் 1974 என்று மட்டும் எழுதி, விளக்கத்தில் 'பின்புறம் தாத்தா கையெழுத்து: சித்திரை 74' என்று சேர்த்தேன். தெரிந்தது அவ்வளவுதான், அதற்கு மேல் எழுத எனக்கு உரிமை இல்லை.

வெளியே அனுப்பும் முன்

செல்போன் படங்கள் பலவற்றில் வீட்டின் அட்சரேகை, தீர்க்கரேகை வரை இருந்தன. குடும்பத்துக்குள் இருக்கும் தொகுப்பில் அதை வைத்துக்கொண்டேன்; பொதுவில் போடும் பிரதிகளில் -ஜிபிஎஸ்:ஆல்= என்று வெறுமையாக விட்டு நீக்கினேன். 2012 டிசம்பர் 3 அன்று, பெலீஸ் நாட்டுப் போலீசுக்குச் சிக்காமல் ஒளிந்திருந்த, மெக்கஃபி ஆன்டிவைரஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் மெக்கஃபியின் படம் ஒன்றை வைஸ் இதழ் வெளியிட்டது. ஐஃபோன் 4எஸ்-இல் எடுத்த அந்தப் படத்துக்குள் இருப்பிடம் அப்படியே இருந்தது: குவாத்தமாலாவின் ரியோ டுல்சே. நானே அந்தக் குறிப்பை மாற்றி எழுதினேன் என்று அவர் முதலில் சொன்னார், பிறகு குவாத்தமாலாவில்தான் இருப்பதாக ஒப்புக்கொண்டார். இரண்டு நாளில் கைதும் ஆனார். மாற்றினேன் என்று அவர் சொன்னதைச் சிலர் நம்பியதற்கும் காரணம் உண்டு. ஒரே வரியில் மாற்றக்கூடிய குறிப்புதான் அது.

பிடிஎஃப் கோப்புக்கு இந்த முறையை நம்பாதீர்கள். எக்ஸிஃப்டூல் அதில் பழையதை அழிப்பதில்லை, புதியதைக் கடைசியில் ஒட்டுகிறது. பழையதைத் திரும்ப எடுத்துவிடலாம். இன்னொன்று, உங்களிடம் பழைய எக்ஸிஃப்டூல் இருந்தால் முதலில் புதுப்பித்துவிடுங்கள். 7.44 முதல் 12.23 வரையான பதிப்புகளில், விஷமமாகத் தயாரித்த ஒரு கோப்பைப் படித்தாலே கணினியில் அந்நியக் கட்டளை ஓடும் ஓட்டை இருந்தது. 2021-இல் 12.24 பதிப்பில் அதை அடைத்தார்கள்.

கடைசியாக, படம் எடுத்த நேரத்தையே கோப்பின் பெயராக வைத்தேன். ஃபைல்நேம் குறிக்குப் பதில் முதலில் டெஸ்ட்நேம் என்று கொடுத்தால் பெயரை மாற்றாமல், என்ன பெயர் வரும் என்று மட்டும் காட்டும். ஒரே நொடியில் இரண்டு படம் இருந்தால் தானாக எண் சேர்க்கவும் சொல்லிவிட்டேன். இதில் வரும் < குறியை மேற்கோளுக்குள் போட மறந்தால் கறுப்புத் திரை அதை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டு குழப்பிவிடும். பழைய படங்களுக்கு மட்டும் பெயரின் முன்னால் ஆண்டைக் கையால் எழுதினேன்.

தீபாவளிக்கு எல்லோரும் வந்தபோது திரும்ப டிவியில், இந்தத் தடவை பெயர் வரிசையில், ஓட்டினோம். கோபூஜை, கஜபூஜை, கலசம், ஹோமம், ஈரத்துணி, பிறகு பட்டு. தாலி கட்டும் நொடி நான்கு பக்கத்திலிருந்தும் அடுத்தடுத்து நான்கு படங்களாக வந்தது. சித்தப்பா எடுத்ததில் மட்டும்தான் அம்மா சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

பழைய படங்களில் ஒன்பதில் இன்னும் ஒருவர் பெயர் தெரியவில்லை. ஒரே ஆள், எல்லாவற்றிலும் தாத்தாவுக்கு வலப்பக்கம் நிற்கிறார். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். தென்காசியிலிருந்து பெரிய அத்தை தை மாதம் வருகிறார்.